குறு வரலாற்றுப் பனுவல்கள் வழிப் பிரெஞ்சு மொழியின் படித்தல், கேட்டல் திறன்கள்

1. முன்னுரை

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு மொழித்திறன்களுள் கேட்டலும் படித்தலும் கொள்திறன்கள் எனப்படும். இவ்விரண்டும் ஒன்றையொன்று துணைக்கொண்டு ஒருங்கே வளரும் என்பது பொதுவான கருத்து. பிரெஞ்சு மொழியைப் பிறமொழியாகக் கற்போரிடத்து இக்கருத்து முழுமையாகப் பொருந்துவதில்லை. ஈராண்டு பயின்று, செய்தித்தாளின் ஒரு பத்தியை அகராதித் துணையுடன் படித்துப் பொருள் கொள்ளும் மாணவர், அதே பத்தி பிறரால் வாசிக்கப்படும்போது ஓரிரு பெயர்களைத் தவிர வேறொன்றும் பிடிபடாமல் திகைப்பதைப் பிரெஞ்சு கற்பிப்போர் நன்கறிவர். கண்ணால் அறிந்த சொல்லையே செவியால் அறிய இயலாத இந்நிலையை மாணவர் தம் திறமைக் குறைவாக எண்ணிச் சோர்வடைகின்றனர். நல்ல மதிப்பெண் பெற்றும் மொழி தமக்கு வரவில்லை என்று கருதிப் பயிற்சியைக் கைவிடுவோரும் உளர். உண்மையில் இக்குறை பெரும்பாலும் மாணவரைச் சார்ந்ததன்று. மொழியின் அமைப்பையும், பாடப்பகுதி தேர்ந்து கையாளப்படும் முறையையும் சார்ந்தது.

இந்த இடைவெளியைக் குறைப்பதற்கு 120 முதல் 150 சொற்கள் வரை கொண்ட குறு வரலாற்றுப் பனுவல்கள் எவ்வாறு துணைபுரியும், எவ்விடங்களில் அவை தவறான வழிக்கு இட்டுச்செல்லும் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. பிரெஞ்சுச் சொற்கள் இங்கு ஏறத்தாழ ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. ஸகரத்தின் குரலொலி இணை 'ஃஸ' எனக் குறிக்கப்படுகிறது. மூக்கொலி உயிர்கள் 'ன்' சேர்த்து எழுதப்பட்டுள்ளன. அங்கு னகரம் தனியே ஒலிப்பதில்லை.

2. எழுத்தும் ஒலியும்

2.1 ஒலிக்கப்படாத எழுத்துகள்

பிரெஞ்சு எழுத்துமுறை சொல்லின் பழைய வடிவத்தைப் பெரிதும் காத்து நிற்பது. சொல்லிறுதி மெய்கள் பல எழுதப்படும், ஒலிக்கப்படா. இதனால் கண்ணுக்கு வேறுபட்ட சொற்கள் செவிக்கு ஒன்றாகின்றன. நூறு, குருதி, இன்றி என்னும் பொருளுடைய மூன்று சொற்கள் மூன்று விதமாக எழுதப்பட்டு 'ஸான்' என்றே ஒலிக்கின்றன. பச்சை, கண்ணாடி, புழு, நோக்கி என்னும் பொருள்தரும் நான்கு சொற்களுக்கும் ஒலிவடிவம் 'வேர்' ஒன்றே.

இலக்கண விகுதிகளில் இந்நிலை மேலும் கூர்மை பெறுகிறது. 'பேசு' என்னும் வினையின் நிகழ்கால வடிவங்களுள் தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கை ஒருமை, படர்க்கைப் பன்மை ஆகிய நான்கும் 'பார்ல்' என ஒலிக்கும். எழுத்தில் விகுதி காட்டும் எண் வேறுபாடு பேச்சில் மறைந்துவிடுகிறது. எனவே படிக்கும்போது வினைவிகுதியை நோக்கிப் பழகிய மாணவர், கேட்கும்போது அவ்விகுதியைத் தேடிக் காணாது தடுமாறுகிறார். செவிக்கு எண்ணை உணர்த்துவது பெரும்பாலும் பெயருக்கு முன்வரும் சிறுசொல்லே. கேட்போர் கவனம் சொல்லின் இறுதியிலிருந்து தொடரின் தொடக்கத்திற்கு மாற வேண்டியிருக்கிறது. விகுதியில் திணை, பால், எண், இடம் அனைத்தையும் பெற்றுப் பழகிய தமிழ் மாணவருக்கு இம்மாற்றம் எளிதன்று.

2.2 சொல்லெல்லை

பிரெஞ்சுப் பேச்சில் சொற்கள் தனித்து நிற்பதில்லை. மெய்யில் முடியும் சொல்லின்முன் உயிரில் தொடங்கும் சொல் வரின் அம்மெய் அடுத்த உயிரோடு சேர்ந்து அசையாகும். நன்னூல் புணரியலில் மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஒன்றும் இயல்பை அறிந்தோர்க்கு இது புதிதன்று. புதியது மற்றொரு நிகழ்வு: தனித்து நிற்கையில் ஒலிக்காத இறுதிமெய், உயிர் வருமிடத்து உயிர்பெற்று ஒலித்தல். 'அவர் வருகிறார்' என்பது 'இலாரீவ்'. 'அவர்கள் வருகிறார்கள்' என்பது 'இல்ஃஸாரீவ்'. இங்கு பன்மையை உணர்த்துவது இடையே தோன்றும் 'ஃஸ்' ஒன்றே.

இவ்வொலி நுட்பம் பொருளை மாற்றவல்லது. 'இல்ஃஸோன்' என்றால் 'அவர்களிடம் உள்ளது'. 'இல்ஸோன்' என்றால் 'அவர்கள்... ஆவர்'. 'லேஃஸார்ம்' என்பது படைக்கலங்கள். 'லே லார்ம்' என்பது கண்ணீர்த் துளிகள். வரலாற்றுப் பாடம் கேட்கும் மாணவர் இவ்விரண்டையும் மயங்கினால் கலகம் அழுகையாகிவிடும். 'ஹெச்' எழுத்தில் தொடங்கும் சில சொற்கள் இவ்விணைப்பை ஏற்பதில்லை. வீரர்களைக் குறிக்கும் 'லே ஏரோ' என்னும் தொடரை இணைத்து ஒலித்தால் 'லேஃஸேரோ', அதாவது சுழியங்கள், என்று பொருள்படும்.

2.3 தமிழ் பேசுவோர்க்குரிய இடர்கள்

தமிழில் வல்லெழுத்தின் குரலொலி வடிவம் இடம் நோக்கி வருவது. தனி ஒலியன் அன்று. பிரெஞ்சில் அது பொருள் வேறுபடுத்தும். கோட்டையைக் 'கைப்பற்றல்' என்பதற்குரிய சொல்லின் முதலொலி குரலொலியானால் அது 'இளங்காற்று' என்னும் சொல்லாகிவிடும். பல தமிழ் மாணவர்கள் ஆங்கிலத்தின் வழி இவ்வேறுபாட்டை முன்னரே பெற்றிருப்பதால் முயற்சியால் இதனைக் கடந்துவிடுகின்றனர். கடினமானது, இகரத்திற்குரிய நா நிலையும் உகரத்திற்குரிய இதழ்க் குவிவும் சேர்ந்து பிறக்கும் முன்னுயிர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இவ்வொலி இல்லை. 'செய்தார்' என்பதற்கும் 'இருந்தார்' என்பதற்கும் உரிய எழுத்துவழக்கு இறந்தகால வடிவங்கள் இரண்டும் இவ்வுயிரால் மட்டுமே வேறுபடுகின்றன. முன்னதில் இகரமும் பின்னதில் இம்முன்னுயிரும் வரும். வரலாற்று உரையில் இவ்விரு வினைகளும் அடிக்கடி வருவன என்பது கருதத்தக்கது.

ஒரு நற்கூறும் உண்டு. பிரெஞ்சில் அழுத்தம் சொல்லுக்குரியதன்று, தொடரின் இறுதிக்குரியது. ஆங்கிலத்தைப் போலச் சொல்தோறும் அழுத்தம் இடம் மாறும் மொழியைக் காட்டிலும் இதன் ஓட்டம் தமிழ்ச் செவிக்கு இயைபுடையது.

3. வரலாற்றுப் பனுவலின் பொருத்தம்

3.1 சொற்கள்

1950களில் ஜார்ஜ் குகென்ஹைம் தலைமையில் உருவான அடிப்படைப் பிரெஞ்சுத் திட்டம் 163 உரையாடல்களின் ஒலிப்பதிவிலிருந்து மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டி, அவற்றின் வருகை எண்ணிக்கையை ஆராய்ந்தது. அதனடிப்படையில் முதல் நிலைக்கு ஏறத்தாழ 1,500 சொற்கள் வரையறுக்கப்பட்டன. பேச்சில் மிகுதியாக வருவன பொதுச் சொற்களும் இலக்கணச் சொற்களுமே என்பதும், பொருட்பெயர்கள் பேசுபொருள் தோன்றும்போது மட்டுமே வெளிப்படுகின்றன என்பதும் அத்திட்டத்தால் தெளிவாயின. ஆகவே பொதுச் சொற்களை மட்டும் அறிந்த மாணவருக்கு எப்பொருளும் முழுதாகக் கிட்டுவதில்லை. ஒரே பொருளைப் பற்றிய பல குறும்பகுதிகளைத் தொடர்ந்து படிக்கும்போது அப்பொருளுக்குரிய சொற்கள் மீண்டும் மீண்டும் வந்து நிலைபெறுகின்றன. அரசன், வரி, படை, சட்டம், கலகம், உடன்படிக்கை முதலிய ஐம்பது அறுபது சொற்கள் வரலாற்றுப் பகுதிகள் அனைத்திலும் வருவன.

ஆங்கிலத்தோடு வடிவொற்றுமை உடைய சொற்களும் இப்பனுவல்களில் மிகுதி. அவை படித்தலை எளிதாக்கும். சில நேரங்களில் ஏமாற்றவும் செய்யும். 1789க்கு முற்பட்ட பிரான்சில் 'பார்ல்மான்' என்பது சட்டமன்றம் அன்று, உயர் நீதிமன்றம். 'ஆன்ஸியேன்' என்னும் அடை பெயருக்கு முன் வரின் 'முன்னைய' என்றும், பின் வரின் 'பழமையான' என்றும் பொதுவாகப் பொருள்படும். புரட்சிக்கு முந்தைய ஆட்சியமைப்பைக் குறிக்கும் தொடரில் 'முன்னைய' என்பதே பொருள். இத்தகைய சொற்களை அகராதி மட்டும் தெளிவாக்காது, வரலாற்றறிவும் வேண்டும்.

3.2 காலங்கள்

பிரெஞ்சில் நடந்து முடிந்த செயலைக் குறிக்க இரு வடிவங்கள் உள்ளன. ஒன்று தனிவினை வடிவம். மற்றொன்று துணைவினையோடு கூடிய கூட்டு வடிவம். எமில் பான்வனிஸ்த் 1959இல் வெளியிட்ட ஆய்வில் இவற்றைக் காலத்தால் வேறுபட்டவை என்று கொள்ளாமல், உரைவகையால் வேறுபட்டவை என விளக்கினார். பேசுவோன் தோன்றாது நிகழ்ச்சிகள் தாமே நடப்பன போல் கூறப்படும் வரலாற்றுரைக்குத் தனிவினை வடிவமும், பேசுவோன் கேட்போனை நோக்கிக் கூறும் கூற்றுக்குக் கூட்டு வடிவமும் உரியன என்பது அவர் கருத்து. இன்றைய பேச்சில் தனிவினை வடிவம் வழங்குவதில்லை, எழுத்தில் நிற்கிறது. அடிப்படைப் பிரெஞ்சின் முதல் நிலை இலக்கணத்திலும் அது இடம்பெறவில்லை.

இதனால் மாணவர் கேட்பதும் படிப்பதும் வெவ்வேறு வினைவடிவங்களாகின்றன. 'அவர்கள் கைப்பற்றினர்' என்பது எழுத்தில் 'இல் ப்ரீர்'. பேச்சில் 'இல்ஃஸோன் ப்ரி'. வானொலி உரையிலும் பள்ளிப் பாடநூலிலும் கடந்தகால நிகழ்ச்சியை நிகழ்காலத்தில் கூறும் வழக்கும் உண்டு. நெப்போலியன் 1821இல் 'இறப்பார்' என எதிர்காலத்தில் கூறும் நடையும் வரலாற்றெழுத்தில் காணப்படுகிறது. இவற்றை முன்னறியாத மாணவர் காலக்குழப்பம் அடைவது இயல்பு.

தனிவினை வடிவத்தைக் கற்பது பெருஞ்சுமை என்பது மிகைக்கூற்று. வரலாற்றுரையில் வருவன பெரும்பாலும் படர்க்கை ஒருமையும் பன்மையுமே. ஒவ்வொரு வினைவகுப்பிற்கும் இவ்விரு வடிவங்களை மட்டும் அறிந்தால் படித்தலுக்குப் போதும்.

பின்னணிச் சூழலைக் கூறத் தொடர்நிலை இறந்தகாலமும், முன்னணி நிகழ்ச்சியைக் கூறத் தனிவினை வடிவமும் வருதலை ஹரால்ட் வைன்ரிஹ் 1964இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியுள்ளார். தமிழில் 'வந்துகொண்டிருந்தார்' என்னும் வடிவும், 'அக்காலத்தில் நாள்தோறும் வருவார்' எனப் பழக்கத்தைச் சுட்டும் எதிர்கால வடிவும் பிரெஞ்சின் தொடர்நிலை இறந்தகாலத்தோடு ஒப்பிடத்தக்கவை. ஆயின் 'இருந்தார்' என்னும் தமிழ் வடிவம் பின்னணி, முன்னணி இரண்டிற்கும் பொதுவாய் நிற்கிறது. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பும் மாணவர் இங்கு வேறுபாட்டை இழக்கிறார்.

3.3 எண்களும் பெயர்களும்

வரலாற்றுரை ஆண்டுகளால் நிறைந்தது. பிரெஞ்சில் எழுபது என்பது 'அறுபது பத்து'. எண்பது 'நான்கு இருபது'. தொண்ணூறு 'நான்கு இருபது பத்து'. 1774 எனக் கேட்கும் மாணவர் 'அறுபது' என்றவுடன் 6 எழுதிவிட்டுப் பின் 'பதினான்கு' வரக்கேட்டுத் திரும்புகிறார். 1792இல் 'நான்கு இருபது பன்னிரண்டு' என முடியும்வரை காத்திருக்க வேண்டும். பத்தை ஒன்பதோடு சேர்க்காமல் நூற்றை நோக்கித் 'தொண்ணூறு' எனப் பெயரிட்ட தமிழைப் பேசுவோர் இதனை விந்தையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பயிற்சி வேண்டும்.

அரசர் பெயரில் முதலாமவருக்கு மட்டும் வரிசையெண் வரும். ஏனையோர்க்கு வெற்றெண்ணே வழங்கும். 'பிரான்ஸ்வா முதலாம்' எனவும் 'லூயி பதினாறு' எனவும் கூறுவது மரபு. எழுத்தில் இரண்டும் உரோம எண்களாகவே தோன்றும். மேலும், ஒரே பெயரை மீண்டும் கூறுதலைப் பிரெஞ்சு நடை தவிர்க்கும். பதினாறாம் லூயி அடுத்த தொடரில் 'மன்னர்' எனவும், பின்னர் 'வேந்தர்' எனவும், அதன்பின் 'இவர்' எனவும் சுட்டப்படுவார். நால்வர் வந்ததாக எண்ணும் மாணவரிடம், ஒருவரைக் குறிக்கும் சொற்களையெல்லாம் கோடிட்டு இணைக்கச் செய்வது பயன்தரும்.

4. மாதிரிப் பாடம்: பஸ்தீய், 1789

மேற்கூறியவற்றைச் செயற்படுத்தும் வகையை ஒரு பாடத்தின் வழிக் காணலாம். பாடத்தின் பொருள் வருமாறு: 1789 ஜூலை 14 காலையில் பாரிஸ் மக்கள் இன்வாலீத் மாளிகைக்குச் சென்று துப்பாக்கிகளை எடுத்தனர். அவர்களிடம் வெடிமருந்து இல்லை. அது பஸ்தீய் கோட்டையில் இருந்தது. அதனைப் பெற அவர்கள் கோட்டைக்குச் சென்றனர். பேச்சு முறிந்து சண்டை மூண்டது. மாலையில் கோட்டைத் தலைவர் சரணடைந்தார். உள்ளே ஏழு கைதிகளே இருந்தனர்.

இப்பொருளுக்கு இரு வடிவங்கள் அமைக்கப்பட வேண்டும். ஒன்று பேச்சு வடிவம்: கூட்டு இறந்தகாலம், குறுந்தொடர், இயல்பான இணைப்பொலிகள். மற்றொன்று எழுத்து வடிவம்: தனிவினை வடிவம், மாற்றுப் பெயர்கள், நீண்ட தொடர். எழுத்து வடிவத்தை உரக்க வாசித்து அதனையே கேட்டல் பயிற்சி என்று கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. வாசிப்பைக் கேட்பது வேறு. பேச்சைக் கேட்பது வேறு. முன்னதில் மட்டும் பழகிய செவி பின்னதில் தோற்கும்.

பாடம் ஐந்து படிகளில் நிகழலாம். முதற்படியில் ஆண்டு, இடம், மூன்று பெயர்கள் மட்டும் கரும்பலகையில் எழுதப்படும், நிகழ்ச்சி கூறப்படாது. இரண்டாம் படியில் பேச்சு வடிவம் எழுத்தின் துணையின்றி இருமுறை கேட்கப்படும். மாணவர் யார், எங்கே, எதற்காக என்னும் மூன்று வினாக்களுக்கு மட்டும் விடை தேடுவர். மூன்றாம் படியில் எழுத்து வடிவம் அமைதியாகப் படிக்கப்படும். பின்னணி வினைகளும் முன்னணி வினைகளும் பிரித்துக் குறிக்கப்படும். நான்காம் படியில் பேச்சு வடிவத்தின் எழுத்துப்படியைப் பார்த்துக்கொண்டே மாணவர் அதனை மீண்டும் கேட்பர். எழுதியிருந்தும் ஒலிக்காதவற்றை அடித்தும், இணைந்து ஒலிப்பவற்றை வளைகோட்டால் இணைத்தும் காட்டுவர். இறுதிப் படியில் எழுத்தின்றிக் கேட்டு, இரண்டு மூன்று தொடர்களைச் சொல்வதெழுதலாக எழுதுவர்.

இரண்டாம் படியில் நேரும் பிழைகளே ஆசிரியருக்குப் பெருஞ்செல்வம். இன்வாலீத் மாளிகை பேச்சில் 'லேஃஸன்வலீத்' என ஒலிக்கும். 'ஃஸ' ஒலியில் தொடங்கும் ஓர் ஊர்ப்பெயர் இருப்பதாக மாணவர் எண்ணலாம். நான்காம் படியில் எழுத்தைக் கண்டவுடன் அவ்வொலி முன்சொல்லின் இறுதிமெய் என்பது விளங்கும். தாமே தவறிக் கேட்டு, தாமே காரணம் கண்ட இணைப்பொலியை மாணவர் எளிதில் மறப்பதில்லை.

'ஏழு கைதிகளே' என்பதிலுள்ள ஏகாரப் பொருளைப் பிரெஞ்சு இரு சொற்களால் உணர்த்தும். முதற்சொல் எதிர்மறைக்கும் பொதுவானது. இரண்டாவது வரும்போதுதான் 'மட்டும்' என்னும் பொருள் பிறக்கும். இயல்பான பேச்சில் முதற்சொல் பெரும்பாலும் மறையும். எஞ்சும் 'கெ' என்னும் ஒற்றையசையைத் தவறவிட்டவர் 'ஏழு கைதிகள் இருந்தனர்' என்று மட்டும் கொள்வார். செய்தி கிட்டும், அதன் கருத்துக் கிட்டாது.

5. சுருக்கமும் உண்மையும்

பனுவலைச் சுருக்குவோர் முதலில் நீக்குவன இணைப்புச் சொற்களையும் வரையறைச் சொற்களையுமே. 'வெடிமருந்தைப் பெற' என்னும் நோக்கத்தொடரையும், 'கைதிகளே' என்னும் வரையறையையும் நீக்கினால், மக்கள் கைதிகளை விடுவிக்கவே கோட்டையைத் தாக்கினர் என்னும் எளிய கதை எஞ்சும். தொடர்கள் குறுகிவிட்டன; மொழி எளிதாகிவிட்டது; வரலாறு பிழையாகிவிட்டது. மொழியளவிலும் இஃது இழப்பே. காரணம் கூறும் சொல் நீங்கிய இரு குறுந்தொடர்களுக்கிடையே உள்ள உறவைப் படிப்போர் தாமே ஊகிக்க வேண்டியதாகிறது. எனவே சொற்களை எளிதாக்கலாம். இணைப்புச் சொற்களை நீக்கலாகாது.

சூழலின்றிச் சொல்லைப் படிப்பதன் விளைவுக்கு மற்றொரு சான்று தரலாம். பதினாறாம் லூயி தம் நாட்குறிப்பில் 1789 ஜூலை 14ஆம் நாளுக்கு நேரே 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் ஒரே சொல்லை எழுதினார். நாட்டின் நிலையறியா மன்னர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். அந்நாட்குறிப்பு பெரிதும் வேட்டைக் குறிப்பு என்பதை அறிந்தால், அன்று வேட்டையில்லை என்பதே அதன் பொருள் என விளங்கும். சொல் மிக எளியது, ஐயமற ஒலிப்பது. ஆயினும் உரைவகை அறியாதவர் அதனைப் படித்தவர் ஆகார். படித்தல் என்பது சொற்பொருள் அறிதலின் மேற்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் காண்டல் அரிது.

6. பாட வரிசை

நிகழ்ச்சி கூறும் பனுவலை அடுத்து, செயல்முறை கூறும் பனுவல் அமையலாம். மீட்டர் அளவையின் தோற்றம் இதற்கு ஏற்றது. டன்கிர்க் முதல் பார்சலோனா வரையுள்ள தீர்க்கக்கோட்டு வில்லை தெலாம்பரும் மெஷேனும் 1792 முதல் அளந்தமையும், 1795இல் சட்டம் இயற்றப்பட்டமையும், 1799இல் பிளாட்டின அளவுகோல் வைக்கப்பட்டமையும் எண்களையும் செயப்பாட்டு வினைகளையும் பயில இடந்தரும். மூன்றாவதாக, பிரெஞ்சு மொழியின் வரலாற்றையே பொருளாக்கலாம். 842இல் ஸ்திராஸ்பூரில் இரு அரசர் எடுத்த உறுதிமொழிகள், சட்ட ஆவணங்கள் பிரெஞ்சில் அமைய வேண்டுமென்ற 1539ஆம் ஆண்டு வில்லேர்-கோத்ரே ஆணை, 1635இல் பிரெஞ்சுக் கழகம் நிறுவப்பெற்றமை ஆகியன மாணவர் இடர்ப்படும் எழுத்துமுறை உருவான பின்புலத்தையும் உடன் விளக்கும்.

தமிழ் மாணவருக்குப் புதுச்சேரி வரலாறு அணுக்கமானது. 1674இல் பிரெஞ்சுக் குடியிருப்பு, 1746இல் சென்னையைக் கைப்பற்றல், 1954இல் ஆட்சி மாற்றம், 1962இல் சட்டப்படியான இணைப்பு ஆகியவற்றைத் தமிழில் முன்னரே அறிந்தவர் பிரெஞ்சில் விரைந்து பொருள் கொள்வர். 1736 முதல் 1761 வரை எழுதப்பெற்ற ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பில் பிரெஞ்சுப் பெயர்கள் செவிவழிப் பெற்ற தமிழ் வடிவில் காணப்படுவதும் ஒலிப்பாடத்திற்குத் துணையாகும். எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. முழுதும் அறிந்த பொருளில் மாணவர் கேளாமலே ஊகித்து விடையளிப்பர். முழுதும் அறியாப் பொருளில் கேட்டும் விளங்காது நிற்பர். அறிந்ததன் நடுவே அறியாத இரண்டு மூன்று செய்திகளை வைப்பதே தக்கது.

7. மதிப்பீடு

கேட்டலையும் படித்தலையும் அளக்கும் தேர்வில் விடையைப் பிரெஞ்சிலேயே எழுதுமாறு தொடக்க நிலையில் வற்புறுத்தலாகாது. எழுத இயலாமை, புரிந்தமையை மறைத்துவிடும். பாடத்தின் தொடரை அப்படியே பெயர்த்தெழுதி மதிப்பெண் பெறுவது, புரியாமையை மறைத்துவிடும். தாய்மொழியில் விடை கூறுதல், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தல், கேட்ட ஆண்டினை எழுதுதல், பாடத்தில் இல்லாத செய்தியைக் கண்டறிதல் முதலிய வினாவகைகள் இக்குறைகளைப் பெரிதும் தவிர்க்கும். இரு திறன்களுக்கும் மதிப்பெண் தனித்தனியே தரப்படுவது இன்றியமையாதது. கூட்டு மதிப்பெண்ணில் படித்தலின் மிகுதி கேட்டலின் குறையை மூடிவிடும்.

8. முடிவுரை

பிரெஞ்சில் எழுத்தும் ஒலியும் விலகி நிற்பதாலும், எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் வினைவடிவத்திலேயே வேறுபடுவதாலும் படித்தலும் கேட்டலும் தாமே ஒன்றுசேர்வதில்லை. ஒரே நிகழ்ச்சியைப் பேச்சு வடிவில் கேட்டும் எழுத்து வடிவில் படித்தும் ஒப்பிடச் செய்யும்போது அவற்றிடையே பாலம் அமைகிறது. பெயர், ஆண்டு, காரணம், விளைவு என்னும் உறுதியான சட்டகம் உடைய குறு வரலாற்றுப் பனுவல் அதற்கு மிகவும் ஏற்றது. இரட்டை மொழிவழக்கில் வாழும் தமிழ் மாணவருக்கு எழுத்தும் பேச்சும் வேறாதல் புதிய உண்மையன்று. தம் மொழியில் நாள்தோறும் இவ்வேறுபாட்டைக் கடந்துசெல்பவர் அவர். அந்த அறிவைப் பிரெஞ்சு வகுப்பில் நினைவூட்டினால், கேட்டது விளங்காதபோது அதனைத் தம் குறையெனக் கருதிச் சோர்வதற்கு மாறாக, இன்ன இடத்தில் இன்ன ஒலி மறைந்தது என ஆராயும் மனப்பாங்கு அவர்களிடம் வளரும்.